பதின்வயதுப் பிள்ளைகளுக்குப் படம், பாட்டு வழியாக ஆங்கிலம்: நீங்கள் எப்படிச் செய்கிறீர்கள்?

கரும்பலகை:

வணக்கம். 13 வயதிலிருந்து 16 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு ஆங்கிலம் எடுக்கிறேன். கோடிட்ட இடத்தை நிரப்பு என்றால் பிசகில்லாமல் நிரப்பிவிடுகிறார்கள். ஆனால் இயல்பான வேகத்தில் யாராவது இரண்டு வாக்கியம் பேசிவிட்டால் திருதிருவென்று விழிக்கிறார்கள், பதில் சொல்ல வாய் வருவதில்லை. இதே பிள்ளைகள்தான் இடைவேளையில் ஆங்கிலப் பாட்டை ஒரு வரி விடாமல் பாடுகிறார்கள், தொடர்களில் கேட்ட வசனத்தை அதே ஏற்ற இறக்கத்தோடு பேசிக் காட்டுகிறார்கள். அந்த ஆர்வத்தை எப்படியாவது வகுப்புக்குள் கொண்டுவர வேண்டும் என்று இருக்கிறது.

சில விஷயங்களில் தெளிவு தேவை. முழுப் படம் போடுவதா, துண்டுக் காட்சியா? சப்டைட்டில் வைப்பதா வேண்டாமா, வைத்தால் எந்த மொழியில்? பாட்டுகளில் இலக்கணம் கண்டபடி இருக்கிறதே, அப்படியே விட்டால் தேர்விலும் அதையே எழுதிவிட மாட்டார்களா? அப்புறம், நிர்வாகத்தில் இதை வெறும் பொழுதுபோக்கு என்று நினைத்துவிடக் கூடாது. செய்து பார்த்தவர்கள் கொஞ்சம் விரிவாகவே சொல்லுங்கள்.

ஜன்னலோரம்:

முழுப் படம் வேண்டாம். இரண்டு மணி நேரப் படத்தில் மாணவனுக்கு ஒரே ஒரு வேலைதான், பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது. கதை படத்தைப் பார்த்தாலே புரிந்துவிடும், அதனால் மொழியைக் காதில் வாங்க வேண்டிய அவசியமே அவனுக்கு வராது. ஒன்று, அதிகம் போனால் இரண்டு நிமிடக் காட்சி போதும். ஒரு முழு வகுப்புக்கு அதுவே தாராளம்.

நான் வழக்கமாகச் செய்வதைச் சொல்கிறேன். பையன் ராத்திரி தாமதமாக வீட்டுக்கு வருகிறான், அம்மா சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருக்கிறாள் என்பது போல ஒரு காட்சி. குடும்பக் கதை எதை எடுத்தாலும் இப்படி ஒன்று கிடைக்கும். முதலில் சத்தம் இல்லாமல் ஓட விடுவேன். இவர்கள் யார், யாருக்குக் கோபம், எதை வைத்து அப்படிச் சொல்கிறாய் என்று கேட்பேன். கையைக் கட்டியிருக்கிறாள், அவன் ஷூவைக் கழற்றவே இல்லை, மேசையில் ஒரு தட்டு மூடி வைத்திருக்கிறது என்று ஒவ்வொன்றாக வரும். வார்த்தை தெரியாதவன்கூட ஏதாவது ஒன்றைக் கவனித்திருப்பான், அதைச் சொல்ல அவனுக்கு ஒரு வார்த்தை தேவைப்படும், அந்த இடத்தில்தான் நாம் வார்த்தையைக் கொடுக்க வேண்டும். முன்கூட்டியே பலகையில் பத்துச் சொல்லை எழுதிப் போட்டுவிட்டால் அந்தத் தேவையே எழாது.

அடுத்து, இரண்டிரண்டு பேராக உட்கார்ந்து அந்தக் காட்சிக்கு வசனம் எழுதச் சொல்வேன். "ஐ வென்ட் டு மை ஃப்ரெண்ட்ஸ் ஹவுஸ்" என்று முழு வாக்கியமாக எழுதுவார்கள், பாடப்புத்தகம் பழக்கிவிட்டது அப்படித்தான். அப்புறம் சத்தத்தோடு போடும்போது அம்மா "வேர் வேர் யூ?" என்பாள், அவன் "அவுட்" என்பான். "அவுட் வேர்?" "ஜஸ்ட் அவுட்." அவ்வளவுதான் மொத்தப் பேச்சும். வகுப்பே நிமிர்ந்து உட்காரும். ஒற்றைச் சொல்லில் பதில் சொன்னால் அது எரிச்சலாக ஒலிக்கும், அதையே முழு வாக்கியமாகச் சொன்னால் கொஞ்சம் மரியாதை வந்துவிடும் என்பதை நான் விளக்காமலே பிடித்துக்கொள்கிறார்கள். பிறகு அவர்கள் எழுதிய வசனத்தையே சத்தமில்லாத காட்சிக்கு டப்பிங் பேச வைக்கலாம். உதட்டசைவு நிற்பதற்குள் வசனம் முடிய வேண்டும் என்பதால் வேகம் தானாக வரும், அதற்காகவே வெட்கம் பார்க்காமல் திரும்பத் திரும்பப் பேசிப் பார்ப்பார்கள். வேறெந்தப் பயிற்சியிலும் ஒரே வாக்கியத்தை அத்தனை முறை சொல்ல வைக்க என்னால் முடிந்ததில்லை.

இன்னொன்று. பாதி வகுப்பு திரைக்கு முதுகைக் காட்டி உட்காரட்டும், மீதிப் பேர் பார்த்துக்கொண்டே அவர்களுக்கு நடப்பதைச் சொல்லட்டும். அடிதடி, துரத்தல் காட்சிகளுக்கு இது அருமையாகப் பொருந்தும். நடந்துகொண்டிருப்பதைச் சொல்லும் வினைவடிவம் கூடவே பழகிவிடும்.

சுருதி:

பாட்டைப் பற்றி நான் சொல்கிறேன், எனக்கு அதில்தான் ஈடுபாடு அதிகம்.

பாட்டு மனதில் ஒட்டும் என்பதற்கு ஆய்வு ஆதாரமே இருக்கிறது. எடின்பரோ பல்கலைக்கழகத்தில் லட்கே, ஃபெரெய்ரா, ஓவரி மூவரும் செய்த ஒரு சோதனை 2014இல் அச்சில் வந்தது. 60 பேருக்கு முன்பின் தெரியாத ஹங்கேரிய மொழியில் சிறு தொடர்களைக் கேட்டுத் திரும்பச் சொல்ல வைத்தார்கள். ஒரு குழு பேசிக் கற்றது, ஒன்று தாளத்தோடு சொல்லிக் கற்றது, ஒன்று பாடிக் கற்றது. பிறகு அந்தத் தொடர்களை நினைவிலிருந்து திருப்பிச் சொல்வதில் பாடியவர்களே முந்தினார்கள். இவர்கள் பாட்டைக் கேட்டுக்கொண்டு மட்டும் இருந்தவர்கள் இல்லை, வாய்விட்டுப் பாடியவர்கள் என்பதைக் கவனியுங்கள். வகுப்பில் பாட்டை ஓடவிட்டு வரிகளைப் படிக்கச் சொல்வதோடு நின்றுவிட்டால் பாதிப் பயன்கூட இல்லை.

கோடிட்ட இடத்தை நிரப்பும் தாள் எல்லோரும் செய்வதுதான், ஆனால் எந்தச் சொல்லை எடுக்கிறோம் என்பதில்தான் விஷயமே இருக்கிறது. பெரும்பாலும் கனமான பெயர்ச்சொல்லை எடுத்துவிடுகிறார்கள். அதைப் பாடகர் அழுத்திப் பாடுவார், யார் காதிலும் விழும். பிள்ளைகளுக்குக் கேட்காதது இடையில் நசுங்கிப்போகும் சின்னச் சொற்கள்: டு, ஆஃப், ஹேவ், அண்ட், கேன் மாதிரி. அவற்றை எடுத்துப் பாருங்கள். "வுட் ஹேவ்" என்பது "வுடவ்" ஆகவும், "டிட் யூ" என்பது "டிஜூ" ஆகவும் கரைவதைக் காது பிடிக்க ஆரம்பித்தால், உங்கள் பிள்ளைகள் விழிக்கிறார்கள் என்றீர்களே, அதற்கான மருந்து அங்கேதான் கிடைக்கிறது. அவர்களுக்குச் சொல் தெரியாமல் இல்லை, எழுத்தில் பார்த்த சொல் பேச்சில் வேறு உருவத்தில் வருவதால் அடையாளம் தெரியவில்லை.

தவறான இலக்கணத்துக்குப் பயப்பட வேண்டாம், அதையே பாடமாக்குங்கள். "ஐ எய்ன்ட் காட் நோ டைம்" மாதிரி ஒரு வரி வந்தால் நிறுத்தி, இதை நண்பனிடம் எப்படிச் சொல்வாய், தலைமையாசிரியரிடம் எப்படிச் சொல்வாய், தேர்வில் எப்படி எழுதுவாய் என்று மூன்று விதமாகச் சொல்ல வையுங்கள். எதை எங்கே பேசுவது என்ற உணர்வு ஒருமுறை வந்துவிட்டால் தேர்வுத்தாளில் "எய்ன்ட்" வராது. அதை மறைத்து வைப்பதால் எந்தப் பயனும் இல்லை, வீட்டுக்குப் போனதும் ஹெட்போனில் அதைத்தான் கேட்கப்போகிறார்கள்.

எதிர்க்குரல்:

மேலே இருவரும் சொன்ன முறைகளில் எனக்கு மறுப்பு இல்லை. ஆனால் யாரும் தொடாத ஒரு விஷயம் இருக்கிறது: எந்தப் பாட்டு, எந்தப் படம் என்று தேர்ந்தெடுப்பது யார்?

ஆசிரியர் தனக்குப் பிடித்த, தன் கல்லூரிக் காலத்துப் பாட்டைக் கொண்டுவந்து "இது உங்களுக்கு ரொம்பப் பிடிக்கும்" என்று போட்டால், அந்த வயதில் அதைவிட அந்நியமாகத் தெரிவது எதுவுமில்லை. சரி, அவர்களுக்குப் பிடித்ததையே போடலாம் என்றால் அதிலும் ஒரு சிக்கல். ஒருவனுக்கு உயிரான பாட்டை இன்னொருவன் கிண்டல் செய்வான், அந்த வயதில் ரசனை என்பது கிட்டத்தட்ட அவர்களுடைய அடையாளமே. வகுப்பு நடுவில் அதைப் பலியாகக் கொடுக்க எந்தப் பிள்ளையும் விரும்பாது. தனக்கென்று ஒளித்துவைத்த பாட்டை ஆசிரியர் பிரித்து மேய்ந்து இலக்கணப் பயிற்சியாக்கிவிட்டால் அதற்கப்புறம் அந்தப் பாட்டே கசந்துபோகும். இது சின்ன விஷயம் இல்லை என்று உண்மையிலேயே நினைக்கிறேன்.

அதனால் நான் வேறு மாதிரி போகிறேன். எதைக் கொண்டுவரலாம் என்று பெயர் இல்லாத சீட்டில் எழுதித் தரச் சொல்வேன். கொண்டுவர விருப்பமில்லாதவர்களை வற்புறுத்துவதில்லை. கொண்டுவருபவர்கள் அதை எனக்கு விளக்க வேண்டும்: இந்தப் பாடகர் யார், இந்த வரியை ஏன் எல்லோரும் சொல்கிறார்கள், இந்த மீமில் சிரிக்க என்ன இருக்கிறது. எனக்கு நிஜமாகவே தெரியாது, அது அவர்களுக்கும் தெரியும். வகுப்பில் நாம் கேட்கும் கேள்விகளில் முக்கால்வாசி பதில் தெரிந்துகொண்டே கேட்பவைதான், பிள்ளைகளும் அதைத் தெரிந்துகொண்டுதான் பதில் சொல்கிறார்கள். இங்கே மட்டும்தான் கேள்வி உண்மையான கேள்வி. "அது இல்லை மிஸ், வெய்ட், லெட் மீ எக்ஸ்ப்ளெய்ன்" என்று ஒரு பெண் பாதித் தாய்மொழியில் ஆரம்பித்து முழுக்க ஆங்கிலத்துக்கு மாறிப் பேசியதைக் கேட்டிருக்கிறேன். அதுவரை வருகைப்பதிவுக்கு மட்டும் வாய் திறந்த பெண் அவள்.

சொல்லேர்:

சப்டைட்டில் கேள்விக்கு மட்டும் பதில் சொல்லிவிட்டுப் போகிறேன்.

தாய்மொழி சப்டைட்டில் இருந்தால் கதை புரியும், ஆனால் கண் படிக்கும் வேலையில் இறங்கிவிடும், காது பின்னால் போய்விடும். ஆங்கிலப் பேச்சுக்கு ஆங்கில எழுத்தே வையுங்கள். இது புதிய யோசனை இல்லை. பிரிட்டனில் காது கேளாதவர்களுக்காக டெலிடெக்ஸ்டில் (தொலைக்காட்சித் திரையில் எழுத்தாகத் தகவல் காட்டிய சேவை) ஒளிபரப்பான எழுத்துகள் ஆங்கிலம் கற்பவர்களுக்கும் உதவுகின்றன என்று ராபர்ட் வாண்டர்பிளாங்க் 1988லேயே எழுதினார். அதற்குப் பிறகு வந்த பல ஆய்வுகளும் பெரும்பாலும் அந்தப் பக்கமே நிற்கின்றன. முதல் முறை எழுத்தோடு, இரண்டாவது முறை எழுத்தை எடுத்துவிட்டு என்பது என் வழக்கம். சிலர் தலைகீழாகச் செய்வார்கள், காது நன்றாகப் பழகிய வகுப்பென்றால் அதுவும் நல்லதுதான்.

எவ்வளவு சொல் தெரிந்திருக்க வேண்டும் என்பதற்கும் ஒரு கணக்கு உண்டு. 2009இல் ஸ்டூவர்ட் வெப், மைக்கேல் ராட்ஜர்ஸ் இருவரும் 318 படங்களின் வசனங்களை எடுத்துப் பார்த்தார்கள். ஆங்கிலத்தில் அதிகம் புழங்கும் 3,000 சொற்குடும்பங்களோடு (ஒரு சொல்லும் அதிலிருந்து கிளைக்கும் வடிவங்களும் சேர்ந்தது ஒரு குடும்பம்) ஆட்பெயர், இடப்பெயர்களும் தெரிந்தால் வசனத்தில் சுமார் 95 சதவீதச் சொற்கள் தெரிந்தவையாக இருக்கும். 98 சதவீதம் வேண்டுமானால் 6,000 வரை போக வேண்டும். உங்கள் பிள்ளைகளில் பலர் 3,000ஐ இன்னும் தொட்டிருக்க மாட்டார்கள், எனவே ஜன்னலோரம் சொன்ன துண்டுக் காட்சிதான் சரி. தாண்டிப்போக ஒரு வழியும் இருக்கிறது: ஒவ்வொரு முறையும் புதுப் படத்துக்குத் தாவாமல் ஒரே தொடரின் காட்சிகளையே எடுங்கள். அதே பாத்திரங்கள், அதே வீடு, அதே பிரச்சினை, அதனால் அதே சொற்கள் திரும்பத் திரும்ப வந்து விழும். மூன்றாவது வகுப்பிலேயே பின்தங்கியவர்களுக்கும் பிடி கிடைத்துவிடும்.

கரும்பலகை:

எல்லோருக்கும் நன்றி, இவ்வளவு விரிவாக எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை. ஒரே தொடர் என்பதும், பெயரில்லாத சீட்டு என்பதும் உடனே செய்யக்கூடியவை. இரண்டு சந்தேகம் பாக்கி. நான் காட்டும் ஒன்றிரண்டு நிமிடம் சுத்தமாக இருந்தாலும், அதே படத்தில் வேறு இடத்தில் இந்த வயதுக்கு ஒவ்வாத காட்சி இருந்தால்? அப்புறம் அந்த நிர்வாகக் கேள்வியை யாரும் தொடவில்லையே.

ஜன்னலோரம்:

முதல் கேள்வி முக்கியமானது. நீங்கள் காட்டும் துண்டு அவர்களுக்குப் பிடித்தால் அன்று ராத்திரியே மீதியைத் தேடிப் பார்ப்பார்கள், பார்க்கத்தான் வேண்டும், அதுதானே நமக்கும் வேண்டியது. ஆகவே துண்டு மட்டும் போதாது, முழுப் படத்துக்கும் வயதுச் சான்றிதழ் என்ன என்று பார்த்துவிட்டு நீங்களே ஒருமுறை முழுதாகப் பார்த்துவிடுங்கள். பாட்டுக்கும் அப்படியே, எல்லா வரியையும் படியுங்கள். பல்லவி இனிமையாக இருக்கும், இரண்டாவது சரணத்தில் ஏதாவது ஒளிந்திருக்கும். தேடிப் பார்க்க நேரமில்லாதபோது டிரெய்லரை எடுத்துக்கொள்ளுங்கள். அதிலும் வயது எல்லை போட்ட டிரெய்லர்கள் உண்டு, ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிடுங்கள். இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும், கதையைப் பாதி மறைத்தே வைத்திருப்பதால் "அடுத்து என்ன நடக்கும்" என்று பேசவும் எழுதவும் நிறைய இடம் இருக்கும்.

நிர்வாகத்துக்கு விளக்கம் சொல்வதைவிடக் கையில் எதையாவது கொடுப்பது நல்லது. பருவம் தொடங்கும்போது ஒரு சிறு காட்சிக்கு ஒவ்வொரு ஜோடியும் டப்பிங் பேசுவதை, பெற்றோர் சம்மதத்தோடு, குரலை மட்டும் போனில் பதிந்துவையுங்கள். பருவம் முடியும்போது அதே காட்சிக்கு மறுபடி பேசச் சொல்லுங்கள். இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டுக் காட்டினால் யாரும் பொழுதுபோக்கு என்று சொல்ல மாட்டார்கள். பாடத்திட்டத்தில் எந்தப் பகுதிக்கு இது வருகிறது என்று பாடக்குறிப்பிலேயே ஒரு வரி எழுதிவிடுங்கள், கேட்டல் திறன், பேசுதல் திறன் என்ற தலைப்புகள் எந்தப் பாடத்திட்டத்திலும் இருக்கும்.

சுருதி:

அந்தப் பதிவுகளைப் பிள்ளைகளுக்கும் போட்டுக் காட்டுங்கள், ஆனால் தனித்தனியாக. எல்லோர் முன்னாலும் போட்டால் எதிர்க்குரல் சொன்ன அதே கூச்சம் இங்கேயும் வந்துவிடும். முதலில் சட்டென்று எதையும் சொல்லாமல் அவர்களையே கேட்கவிடுங்கள், என்ன மாறியிருக்கிறது என்று அவர்கள் வாயாலேயே வரட்டும். பெரும்பாலும் நாம் கவனிக்காத ஒன்றைச் சொல்வார்கள்.