சின்ன ஆல் போன்சாய்க்கு (சாடியில் குட்டையாக வளர்க்கும் ஆலமரத்துக்கு) எப்போது சாடி மாற்றுவது?

கேள்வி (கல்லடி): ஊற்றுகிற தண்ணீர் உள்ளே இறங்காமல் மேலேயே தேங்குகிறது, அடித்துளையால் வேரும் எட்டிப் பார்க்கிறது. இப்போதே சாடி மாற்றலாமா? கடற்கரை மணல் கலந்தால் சரிவருமா?

பதில் (அக்கரைப்பற்று): வேர் சாடியை நெருக்கிவிட்டது தம்பி, மாற்றத்தான் வேண்டும். கடல் மணல் வேண்டவே வேண்டாம், உப்பு வேரைக் கருக்கிவிடும். பருமனான ஆற்றுமணல், உடைத்த செங்கல், கொஞ்சம் மக்கிய எரு போதும். தடித்த வேரைக் குறைத்து மெல்லிய நார்வேர்களை விடுங்கள், தண்ணீர் குடிப்பவை அவைதான், மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்டாதீர்கள்.

பதில் (களுவாஞ்சிக்குடி): கச்சான் காற்று (மேற்கிலிருந்து வரும் வறண்ட சூட்டுக் காற்று) அடிக்கிற ஜூன், ஜூலையில் மட்டும் கைவைக்க வேண்டாம், இலையெல்லாம் காய்ந்து கொட்டும். மாற்றியபின் 2 வாரம் நிழல்.

கல்லடி: சரி அண்ணா. வெட்டினால் பால் வடியுமே?

அக்கரைப்பற்று: வடியும், ஆல் இனம் அப்படித்தான். ஈரத்துணியால் ஒற்றுங்கள், கண்ணில் படாமல் கவனம்.