துப்பறியும் நாவலுக்கு ஒரு இசைநாடகச் சந்தேகம்

நண்பர்களே, நியூயார்க்கின் நாடக அரங்குகள் நிறைந்த பிராட்வேயில் நடக்கும் ஒரு துப்பறியும் நாவல் எழுதிக்கொண்டிருக்கிறேன். கதைக்குள் ஒரு கற்பனை இசைநாடகம். 1955-ல் அரங்கேறி, சில வாரங்களில் சுருண்டுவிட்டது. இப்போது அதை மறுபடி மேடையேற்றுகிறார்கள். ஒத்திகையின்போது தயாரிப்பாளர் கொலை.

பழைய இசைக்குறிப்புகள் ஒரு கிடங்கில் கிடைப்பதாக வைத்திருக்கிறேன். இது நம்பும்படியானதுதான். 1982-ல் நியூஜெர்சியின் செகாக்கஸ் கிடங்கில் பிராட்வே இசையமைப்பாளர்கள் கெர்ஷ்வின், ஜெரோம் கெர்ன் ஆகியோரின் கையெழுத்துப் பிரதிகள் பெட்டி பெட்டியாகக் கிடைத்தனவே!

சிக்கல் கொலைக்கான காரணத்தில். 1955-ல் அமெரிக்காவில் பதிப்பான படைப்புக்கு 28-ஆம் ஆண்டில் காப்புரிமையைப் புதுப்பித்திருந்தால்தான் மொத்தம் 95 ஆண்டுகள் உரிமை. புதுப்பிக்காவிட்டால் பொதுச்சொத்து. என் கதையில் பாடல்கள் புதுப்பிக்கப்பட்டன, வசனம் விடுபட்டுவிட்டது. அப்படியானால் பாடலாசிரியரின் வாரிசு மட்டும் சம்மதிக்காமல் முழு நாடகத்தையும் நிறுத்த முடியுமா? பாடல் இல்லாமல் இசைநாடகம் ஏது, அதனால் முடியும் என்றுதான் நினைக்கிறேன். காப்புரிமைச் சட்டம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

அப்புறம், மேடைப் பின்னணியில் வேலை செய்தவர்களிடம் ஒரு கேள்வி. விளக்கு, திரை, காட்சியமைப்பு மாற்றம் எல்லாவற்றுக்கும் ஸ்டேஜ் மேனேஜர் வைத்திருக்கும் குறிப்புப் பிரதியில் யாராவது ஒரு குறிப்பை ரகசியமாக மாற்றினால், ஒத்திகையில் உடனே கண்டுபிடித்துவிடுவார்களா? யாரும் உடனே கண்டுபிடிக்க மாட்டார்கள் என்று நம்பித்தான் என் கொலையாளி இருக்கிறான். ஓட்டை இருந்தால் தயங்காமல் சொல்லுங்கள், அந்த அத்தியாயத்தை மாற்றி எழுதத் தயார்.