சந்தேகம்: வானிலை நிலைய மென்பொருளில் ‘வெப்ப நாள்’ வரம்பை நம் ஊருக்கு எப்படி அமைப்பது?

கேள்வி – தண்டையார்பேட்டை

வணக்கம். மொட்டை மாடியில் வைத்துள்ள தானியங்கி வானிலை நிலையத்தின் பதிவுகளை ஒரு மென்பொருளில் தொகுத்து வருகிறேன். அதன் ஆண்டறிக்கை, பகலின் உச்சம் 25 டிகிரி செல்சியஸைத் தொட்டால் ‘கோடை நாள்’ என்றும், 30ஐத் தொட்டால் ‘வெப்ப நாள்’ என்றும், இரவில் 20க்குக் கீழே இறங்காவிட்டால் ‘வெப்பமண்டல இரவு’ என்றும், சுழியத்துக்குக் கீழே போனால் ‘உறைபனி நாள்’ என்றும் வகை பிரிக்கிறது. வடசென்னையில் மார்கழிப் பகலே 25ஐத் தாண்டிவிடுவதால் முதல் கட்டத்தில் ஏறக்குறைய ஆண்டு முழுவதும் அடங்கிவிடுகிறது. கடைசிக் கட்டமோ எப்போதும் காலி. வரம்புகளை மாற்ற அமைப்புப் பக்கத்தில் இடம் உண்டு. எந்த எண்களை இடுவது பொருத்தம்? மேலும், 37 என்று இட்டுப் பார்த்தபோது, அட்டவணையில் 37.0 என்று தெரியும் நாள் எண்ணிக்கையில் சேரவில்லை. காரணம் என்னவாக இருக்கும்?

பதில் – திருவொற்றியூர்

நீங்கள் குறிப்பிடும் எண்கள் ஜெர்மனியின் வானிலைச் சேவை பயன்படுத்துபவை. அங்கே 30 டிகிரி என்பது கவனிக்க வேண்டிய வெயில். இங்கே அது தை மாதத்துப் பகல்.

முதலில் 37.0. மென்பொருள் ‘வரம்புக்கு மேல்’ என்று ஒப்பிடுகிறதா, ‘வரம்பும் அதற்கு மேலும்’ என்று ஒப்பிடுகிறதா என்று பாருங்கள். ஜெர்மன் வரையறையில் 25.0 சேரும்; காலநிலை ஆய்வாளர்கள் உலக அளவில் கையாளும் குறியீட்டில் 25ஐத் தாண்டினால்தான் சேரும். ஒப்பீடு சரியாக இருந்தும் நாள் விடுபட்டால், சேமிப்பில் 36.96 என்று இருப்பது திரையில் 37.0 என்று முழுமையாக்கிக் காட்டப்படலாம். வரம்பை 36.95 என்று இட்டால் இரண்டு நிலையிலும் கணக்கு, அட்டவணையில் தெரிவதோடு ஒத்துப்போகும்.

எண்களைப் பொறுத்தவரை, பகலுக்கு 35, 37, 40 என்று மூன்றும், இரவுக்கு 28 என்று ஒன்றும் வைக்கலாம் என்பது என் கருத்து. நம் பக்கம் கடற்காற்று நண்பகலை ஒட்டி நுழைந்துவிட்டால் ஏற்றம் அங்கேயே நின்றுவிடும். அது தாமதிக்கும் நாட்களைத்தான் 37ம் 40ம் பிரித்துக் காட்டும். ஆனால் 37ஐத் தொட்ட நாளுக்கு ‘வெப்ப அலை’ என்று பெயரிடாதீர்கள். இந்திய வானிலை ஆய்வுத் துறை கடலோரத்துக்கு 37 டிகிரியோடு, இயல்பைவிடக் குறைந்தது 4.5 டிகிரி கூடுதலாகவும் இருக்க வேண்டும் என்கிறது; அதுவும் ஒரு வானிலை உட்பிரிவில் (வானிலைக் கணக்குக்காக நாட்டைப் பிரித்துள்ள பகுதிகளில் ஒன்று) இரண்டு நிலையங்களிலாவது, தொடர்ந்து இரண்டு நாட்களாவது நீடிக்க வேண்டும். ஒரு மாடியை வைத்து அதைச் சொல்ல முடியாது. ‘37 டிகிரி நாள்’ என்பதே நேர்மையான பெயர்.

கேட்டவர்

மிக்க நன்றி ஐயா. 36.95 இட்டதும் விடுபட்ட நாள் சேர்ந்துவிட்டது. இரவுக் கணக்கில்தான் இன்னும் சிக்கல். கத்திரி வெயிலில், விடியும்வரை 29க்குக் கீழே இறங்காத ஓர் இரவு 28 டிகிரி வரம்பில் சேரவில்லை. அன்று மாலை இடிமழை பெய்தது.

பதில் – ராயபுரம்

அந்த மழைதான் காரணம். உங்கள் மென்பொருள் நள்ளிரவு முதல் நள்ளிரவு வரையிலான 24 மணி நேரத்தின் குறைந்தபட்சத்தை எடுத்துக்கொள்கிறது. மாலை ஏழு மணிக்கு மழையால் 24க்கு இறங்கினால், அதுவே அந்தத் தேதியின் குறைந்தபட்சமாகப் பதிந்து, விடியற்காலையின் 29ஐ மறைத்துவிடும். நாளின் தொடக்கத்தைக் காலை 8.30க்கு மாற்றினால் அந்த இரவு சேர்ந்துவிடும்; ஆனால் அது மட்டும் போதாது. மாலை 6 மணிக்கு முன்பே பெய்து ஓயும் மழையின் குளிர்ச்சியும் அடுத்த இரவின் கணக்கில் போய் விழும். இரவுக்கெனத் தனிக் கால வரம்பு, அதாவது மாலை 6 மணி முதல் மறுநாள் காலை 8.30 வரை, அமைக்க வழியிருந்தால் அதையே பயன்படுத்துங்கள். மழைக்குப் பிந்திய இரவு உண்மையிலேயே குளிர்ந்ததாகவும், முந்திய இரவு புழுங்கியதாகவும் தனித்தனியே பதியும்.

இன்னொன்று: பகல் முழுவதும் காய்ந்த கான்கிரீட் தளம் இரவில் வெப்பத்தை வெளியிடும். உணரி தளத்தை ஒட்டியிருந்தால் 28 என்ற எண் உங்கள் தளத்தைத்தான் அளக்கும், காற்றை அல்ல. கம்பத்தில் ஒன்றரை மீட்டராவது உயர்த்தி, காற்றோட்டமுள்ள கவசத்துக்குள் வையுங்கள். உயர்த்திய தேதியையும் குறித்துக்கொள்ளுங்கள். அதற்கு முந்திய இரவுகளை இனி வருபவற்றோடு ஒரே எண்ணிக்கையில் கூட்டக் கூடாது.

வரம்புகளை மாற்றிய பிறகும் பழைய மாத அறிக்கைகள் மாறாமல் இருந்தால், அந்த அறிக்கைக் கோப்புகளை மட்டும் நீக்கிவிட்டு மீண்டும் உருவாக்கச் சொல்லுங்கள். தரவுத்தளத்தைத் தொட வேண்டாம்.