பாட்டியின் இருநூறு ரூபாய்: ஊராட்சிக்கு வந்த சின்னச் சின்ன மானியங்கள், உங்கள் அனுபவம்?

பாலக்கோடு மாஜி மெம்பர்:

போன வாரம் பாலக்கோடு பஸ் ஸ்டாண்டில் எங்கள் ஊர்ப் பாட்டி ஒருவர் என்னைப் பிடித்துக்கொண்டார். அதிலிருந்து மனசு சரியில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

நமக்கு நாமே திட்டம் எல்லோருக்கும் தெரியும். மூன்றில் ஒரு பங்கை ஊர் போட்டால் மீதியை அரசு போடும். நான் வார்டு மெம்பராக இருந்தபோது, பள்ளிக்கூட மொட்டை மாடித் தண்ணீரைப் பிடித்து வடிகட்டித் தொட்டியில் சேர்க்கலாம் என்று எழுதிக் கொடுத்தோம். எங்கள் பக்கம் போர் தண்ணீரில் ஃபுளோரைடு எவ்வளவு என்று நான் சொல்ல வேண்டியதில்லை, பிள்ளைகள் சிரித்தால் பல்லில் இருக்கும் கறையிலேயே தெரியும். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத் தண்ணீர்தான் 2013-லேயே வந்துவிட்டதே என்பீர்கள். வருகிறது, முறை வைத்து. முறை தவறினால் பள்ளிக்கூடத்துக்குப் போர் தண்ணீர்தான்.

எஸ்டிமேட் 3 லட்சம், ஊர்ப் பங்கு 1 லட்சம். வீடு வீடாகப் போனோம். அந்தப் பாட்டி முந்தானையில் முடிந்து வைத்திருந்ததை அவிழ்க்கப் பார்த்தார். விரல் மடங்கவில்லை. பல்லால் கடித்து இழுத்தார். நான்கு ஐம்பது ரூபாய்த் தாள், வேர்வையில் நனைந்து ஒன்றோடொன்று ஒட்டியிருந்தது.

பேங்கில் டிமாண்ட் டிராஃப்ட் (டிடி) எடுத்துக் கட்டினோம். ஃபைல் மேலே போனது, கீழே வந்தது. அதற்குள் கட்டட வேலைகளுக்கான அரசின் புது விலைப் பட்டியல் வந்து எஸ்டிமேட் 3 லட்சத்து 45 ஆயிரம் ஆகிவிட்டது. உங்கள் பங்கில் 15 ஆயிரம் குறைகிறது என்றார்கள். மறுபடியும் வீடு வீடாகப் போய் நிற்க எனக்கு முகமில்லை. டிடிக்கு ஆயுள் மூன்று மாதம்தான், அது முடிந்தது. 2025 ஜனவரி 5-ஆம் தேதி எங்கள் பதவியும் முடிந்தது.

பஸ் ஸ்டாண்டில் பாட்டி கேட்டது இதுதான்: "ஏம்ப்பா மெம்பரு, என் இருநூறு இப்ப எந்த ஊர்ல இருக்குது?"

அஞ்செட்டி மலையடி:

அண்ணா, உங்களுக்கு வேலை நடக்கவில்லை. எங்களுக்கு நடந்தது, அதுதான் வினை.

ஊர் எல்லையில் நான்கு சோலார் விளக்கு. ராகி முற்றும் சமயம் பன்னேர்கட்டா பக்கமிருந்து யானைக் கூட்டம் இறங்குவது தெரிந்ததுதானே, அதற்காக வைத்தது. ஒரு வருஷம் நன்றாக எரிந்தது. அப்புறம் ஒரே ராத்திரியில் நான்கு பேட்டரியும் காணோம். வேறு பேட்டரி கேட்டால், அந்த மானியம் பொருத்துவதோடு சரி என்றார்கள்.

மார்கழியில் ஒரு ராத்திரி சத்தம் கேட்டு டார்ச் அடித்தால், கொம்பன் ஒன்று அந்த விளக்குக் கம்பத்தில் முதுகைத் தேய்த்துக்கொண்டு நிற்கிறது. கம்பம் ஆடுகிறது. மேலே பேனல் நிலா வெளிச்சத்தில் பளபளக்கிறது. "கம்பம் அதுக்காவது ஆச்சே" என்றார் பக்கத்துக் காட்டு மாமா. எல்லோரும் சிரித்தோம். அன்றைக்குப் போனது அவருடைய அரை ஏக்கர் ராகி.

அரூர் ஓவர்சியர் (ஓய்வு):

மெம்பர் தம்பி கோபித்துக்கொள்ளக் கூடாது. விலைப் பட்டியலைக் குறை சொல்லிப் பிரயோசனமில்லை. ஊரில் போய் வசூல் செய்ததே தப்பு. 15-ஆவது நிதிக் குழு மானியத்தில், 2021-லிருந்து 26 வரைக்கும், 60 சதவீதம் டைடு கிராண்ட், அதாவது சொன்ன வேலைக்கு மட்டுமே செலவழிக்க வேண்டிய பணம். அதில் பாதி சுகாதாரத்துக்கு, பாதி குடிநீருக்கு. மழைநீர்ச் சேகரிப்பு அந்தக் குடிநீர்ப் பாதியிலேயே அடங்கியது. கிராம சபையில் தீர்மானம் போட்டு, ஊராட்சி வளர்ச்சித் திட்டத்தில் ஏற்றியிருந்தால் பாட்டி பல்லால் கடிக்க வேண்டிய தேவையே வந்திருக்காது.

என் கதை சின்னது. ஒரு ஊரில் 40 உறிஞ்சு குழி, வீட்டுக் கழிவுநீர் மண்ணில் இறங்கத் தோண்டுவது, அளக்கப் போனேன். 11-ஆவது குழியில் கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. வீட்டுக்கார அம்மா டேப்பை இறக்க விடவில்லை. சரி என்று எம்-புக்கில், அதான் அளவுப் புத்தகத்தில், ஆழத்தைக் குத்துமதிப்பாக எழுதினேன். தணிக்கைக்கு வந்தவர்கள் 40-ல் அந்த ஒரு குழியைத்தான் தோண்டிப் பார்த்தார்கள். அதற்கு விளக்கம் எழுதியே ஒரு வருஷம் போனது.

இனி செய்கிறவர்களுக்கு நான் சொல்வது. எஸ்டிமேட் எந்த நிதியாண்டில் போட்டீர்களோ அதே ஆண்டில் அனுமதி வாங்கப் பாருங்கள். மாசி, பங்குனியில் டிடி எடுக்காதீர்கள், புது நிதியாண்டில் விலைப் பட்டியல் மாறிவிடலாம். ஊரில் வசூல் செய்தே ஆக வேண்டுமென்றால் பங்குக்கு மேலே கொஞ்சம் சேர்த்து வசூலியுங்கள். பாதிக்கு மேல் ஊரே போட்டால் டெண்டர் இல்லாமல் நீங்களே வேலையைச் செய்துகொள்ளலாம், அது பலருக்குத் தெரிவதில்லை. வேலைக்கு முன், நடுவில், பின் என்று ஒரே இடத்தில் நின்று படம் எடுங்கள். பேட்டரிக்கு இரும்புக் கூண்டு வெல்டிங் வைத்து, ஐந்து வருஷப் பராமரிப்பையும் டெண்டரிலேயே எழுதச் சொல்லுங்கள். டிடி நகலைப் பத்திரமாக வையுங்கள்.

ஊத்தங்கரை குழு அக்கா:

ஐயா, படம் படம் என்கிறீர்களே, படத்தைப் பற்றி நான் சொல்கிறேன்.

எங்கள் ஊராட்சியில் மண்புழு உரக் கூடம் கட்டினார்கள். தொட்டி வந்தது, கூரை வந்தது, பெயர்ப் பலகை எல்லாவற்றுக்கும் முன்னாலேயே வந்தது. புழு மட்டும் வரவில்லை. நாளைக்கு மேலேயிருந்து ஆய்வுக்கு வருகிறார்கள் என்று முந்தின நாள் சாயங்காலம் சொல்கிறார்கள். விடிந்ததும் பக்கத்து ஊராட்சிக்கு ஓடி ஒரு வாளி புழு இரவல் வாங்கினேன். எங்கள் வீட்டுக்காரர் வண்டியை ஓட்ட, நான் பின்னால் மடியில் வாளியோடு. சித்திரை வெயில் வேறு.

வந்தவர் குனிந்து ஒரு பிடி அள்ளினார். புழு நெளிந்தது. "அருமை" என்றார். படம் எடுத்தார்கள்.

மத்தியானம் வாளியைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். அந்த ஊர்த் தூய்மைக் காவலர் அம்மா உள்ளே கையை விட்டுப் பார்த்துவிட்டு, "பாதி செத்துப்போச்சு பாப்பா. ஈரச் சாக்கு போட்டு மூடணும்னு கூடத் தெரியாதா?" என்றார். திட்டினால்கூடத் தேவலை. மெதுவாகத்தான் சொன்னார். அந்தப் படம் இன்னும் ஏதோ ஒரு ஃபைலில் இருக்கும். புழு அந்த அம்மாவுடையது, கீழே கையெழுத்து என்னுடையது.

பாலக்கோடு மாஜி மெம்பர்:

ஓவர்சியர் ஐயா, நீங்கள் சொன்ன குடிநீர்ப் பாதி, மோட்டார் காயில் கட்டவும் பைப் உடைப்புக்குமே எங்களுக்குச் சரியாகப் போனது. தீர்மானமும் போட்டோம், அக்டோபர் 2 கிராம சபையில். பதிவேட்டைப் புரட்டினால் இருக்கும்.

டிடி ரத்தாகிப் பணம் பேங்கில்தான் கிடக்கிறது. எடுக்க மூன்று பேர் கையெழுத்து வேண்டும், ஒருவர் ஓசூரில் கம்பெனி வேலைக்குப் போய்விட்டார். ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்றிருக்கிறார், மூன்றாவது ஞாயிறு இது. வசூல் நோட்டு என்னிடம்தான் இருக்கிறது. பாட்டி பெயர் 63-ஆவது வரி.

அரூர் ஓவர்சியர் (ஓய்வு):

அப்படியானால் நோட்டையும் படம் எடுத்து வையுங்கள்.

காரிமங்கலம் புதுசு:

ஊத்தங்கரை அக்கா, எங்கள் குழுவுக்கும் புழு வேண்டும். கிலோ என்ன விலை?

ஊத்தங்கரை குழு அக்கா:

விலையெல்லாம் இல்லை. இப்போது எங்கள் தொட்டியில் எங்கள் புழுவே நிறைய இருக்கிறது. விடிகாலையில் வாருங்கள், சாக்கை நனைத்தே கொண்டுவாருங்கள்.