வங்கதேசத்தைத் தூக்கி நிறுத்தியது என்ஜிஓக்களா? அப்படியானால் அரசு எதற்கு?

வேம்பு:
2025 தொடக்கத்தில் அமெரிக்கா வெளிநாட்டு உதவியை நிறுத்தியதும், டாக்காவில் ‘காலரா ஆஸ்பத்திரி’ என்று ஊரே சொல்லும் வயிற்றுப்போக்கு ஆய்வு மையத்தில் ஆயிரம் பேருக்கு மேல் வேலை இழந்தார்கள். வாஷிங்டனில் போட்ட ஒரு கையெழுத்து டாக்காவில் அடுப்பை அணைக்கிறது. இதைப் பற்றி இங்கே பேச வேண்டும் என்று பல நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

வளரும் நாட்டில் பள்ளி, மருத்துவம், கடன் எல்லாவற்றையும் என்ஜிஓக்கள் என்னும் தொண்டு நிறுவனங்கள் கையில் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு வங்கதேசம்தான் முதல் உதாரணம். உலகின் மிகப் பெரிய என்ஜிஓக்களில் ஒன்றான பிராக், ஏழைகளுக்குக் குறுங்கடன் கொடுத்து நோபல் வாங்கிய கிராமீன் வங்கி எல்லாம் அங்கே பிறந்தவை. 1973ல் அதே நாடு 36,000 தொடக்கப் பள்ளிகளுக்கு மேல் ஒரே மூச்சில் அரசுடைமை ஆக்கியது. அந்தப் பாதையிலேயே போயிருக்க வேண்டும். அரசு ஆஸ்பத்திரியில் மருந்து இல்லை என்றால் எம்.பி. வீட்டு வாசலில் போய் நின்று கேட்கலாம், அடுத்த தேர்தலில் தோற்கடிக்கலாம். என்ஜிஓவை எந்தத் தேர்தலில் தோற்கடிப்பது?

பொன்னி:
வேம்பு அண்ணா, எந்தத் தேர்தல்? 1975ல் விடுதலைத் தலைவர் முஜிப் கொல்லப்பட்டதிலிருந்து 1990ல் தளபதி எர்ஷாத் ஆட்சியிலிருந்து இறங்கும் வரை பெரும்பாலும் ராணுவத் தளபதிகள்தான் அந்த நாட்டை ஆண்டார்கள். 2014 தேர்தலில் 300 தொகுதிகளில் 153-ல் போட்டியே இல்லை. வாக்குச் சீட்டு வேலை செய்யும் வரை குழந்தைகள் காத்திருக்க வேண்டுமா?

நான் கிராம சுகாதாரச் செவிலியராக வேலை பார்த்தவள். பேதியில் வந்த குழந்தையின் கண் உள்ளே போயிருக்கும், தோலைக் கிள்ளினால் கிள்ளிய இடம் அப்படியே நிற்கும். அதனால்தான் இந்தக் கதையை விரிவாகச் சொல்கிறேன்.

உப்பும் சர்க்கரையும் கலந்த நீரைக் குடிக்க வைத்தே காலரா நோயாளியைக் காப்பாற்றலாம் என்று 1968ல் டாக்காவில் நடந்த ஆய்வில் நிரூபித்தார்கள். ஆனால் அந்தக் கலவைப் பொட்டலம் கிராமத்துக்குப் போய்ச் சேரவில்லை. 1980ல் பிராக் பெண் ஊழியர்களை வீடு வீடாக அனுப்பியது. மூன்று விரலால் ஒரு சிட்டிகை உப்பு, ஒரு கைப்பிடி வெல்லம், அரை சேர் (சுமார் அரை லிட்டர்) தண்ணீர். அம்மாவையே கலக்கச் சொல்லிப் பார்ப்பார்கள். சில வாரம் கழித்து வேறொருவர் அதே கிராமத்துக்குப் போய்ச் சில வீடுகளில் கேட்டுப் பார்ப்பார். அந்த அம்மா எவ்வளவு ஞாபகம் வைத்திருக்கிறாரோ, அதைப் பொறுத்துத்தான் சொல்லிக்கொடுத்த ஊழியருக்குச் சம்பளம்!

முதலில் சரியாக நடக்கவில்லை. கற்றுக்கொண்ட அம்மாக்களில் மிகச் சிலரே குழந்தைக்குக் கொடுத்தார்கள். விசாரித்தால், ஊழியர்களுக்கே அந்தத் தண்ணீரில் நம்பிக்கை இல்லை. தங்களுக்கு வயிற்றுப்போக்கு வந்தால் மாத்திரை போட்டுக்கொண்டார்கள். வீட்டு ஆண்களிடம் யாரும் பேசவும் இல்லை. அப்புறம் ஊழியர்களுக்கு மறுபடி பயிற்சி கொடுத்தார்கள், சந்தையிலும் மசூதியிலும் ஆண்களிடம் பேசினார்கள். பத்து ஆண்டில் ஒரு கோடி வீடுகளுக்கு மேல் போய் வந்தார்கள். எந்த சுகாதாரத் துறை தன் ஊழியரின் சம்பளத்தை ஒரு தாயின் ஞாபகத்தோடு கட்டிப்போட்டிருக்கிறது? நான் அந்தத் துறைக்குள் இருந்து கேட்கிறேன்.

தறிக்காரன்:
பொன்னி அக்கா சொன்னதில் எனக்கு மறுப்பு இல்லை. ஆனால் உப்புநீர் 1980களின் கதை. நான் திருப்பூரிலிருந்து போய் டாக்கா பக்கத்துக் காஜிப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் தரக் கட்டுப்பாடு பார்த்தவன். நான் பார்த்தது கிஸ்தியை, அதாவது கடன் தவணையை.

எங்கள் லைனில் ஓவர்லாக் அடிக்கும் ஒரு பெண்ணின் அம்மா ஊரில் ஒரு நிறுவனத்தில் மாடு வாங்கக் கடன் வாங்கியிருந்தார். மாடு செத்துப்போனது, கிஸ்தி மட்டும் வாராவாரம் வந்தது. அதைக் கட்ட இன்னொரு நிறுவனத்தில் கடன். சம்பளம் போட்ட அன்று சாயங்காலமே அந்தப் பெண் ஊருக்குப் பணம் அனுப்பிவிடுவாள். ஓவர்டைம் வேண்டாம் என்று ஒரு நாள்கூட அவள் சொன்னதில்லை. ஏன் என்று பிறகுதான் புரிந்தது. குறுங்கடன் வட்டிக்கு அந்த அரசு உச்சவரம்பு வைத்ததே 2010ல்தான், அதுவும் 27 சதவீதம். நம் ஊரில் மகளிர் குழுக் கடன் வாங்கிவிட்டு வசூல்காரர் பைக் சத்தம் கேட்டதும் கதவைச் சாத்தும் வீடுகளை நானும் பார்த்திருக்கிறேன், நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

இன்னொன்று. 2013 ஏப்ரலில் டாக்கா பக்கத்துச் சாவரில், துணி தைக்கும் கம்பெனிகள் இருந்த ரானா பிளாசா கட்டடம் இடிந்து 1,100 பேருக்கு மேல் இறந்தார்கள். முதல் நாளே சுவரில் விரிசல். மறுநாள் காலை உள்ளே போகச் சொன்னார்கள். போக மாட்டோம் என்று சேர்ந்து நிற்க அங்கே ஒரு சங்கம் இல்லை. கிராமம் கிராமமாகப் பெண்களைக் குழுவாக உட்கார வைக்கத் தெரிந்த நாடு அது. கடன் வசூலிக்கக் குழு இருக்கிறது, கூலி கேட்கக் குழு இல்லை. என் கோபம் அங்கேதான்.

வேம்பு:
இதைத்தான் சொல்கிறேன். நன்றி தறிக்காரன்.

பொன்னி:
குறுங்கடன் வறுமையை ஒழித்துவிடும் என்று நான் எங்கும் சொல்லவில்லை. இந்தியா, மெக்சிகோ, மொராக்கோ உட்பட ஆறு நாடுகளில் செய்த ஆய்வுகள் 2015ல் ஒன்றாக வந்தன. கடனால் வாழ்க்கை தலைகீழாக மாறவில்லை என்றுதான் அவை காட்டின. ஆனால் கடைநிலை ஏழைக்குக் கடன் உதவாது என்பதைப் பார்த்து, 2002ல் வேறு திட்டம் கொண்டுவந்ததும் அதே பிராக்தான். கடனாக இல்லாமல் மாட்டைச் சும்மா கொடுத்து, கொஞ்ச நாளைக்கு வாரப் பணமும் கொடுத்து, இரண்டு ஆண்டு வீட்டுக்கே வந்து சொல்லிக்கொடுப்பார்கள். அதே மாதிரித் திட்டத்தை வங்கதேசத்துக்கு வெளியே ஆறு நாடுகளில் சோதித்தார்கள். திட்டம் முடிந்து ஓராண்டு கழித்தும் அந்தக் குடும்பங்களின் நிலைமை மேம்பட்டிருந்தது.

நெய்தல்:
நாகப்பட்டினத்திலிருந்து எழுதுகிறேன். நீங்கள் மூவருமே என்ஜிஓ என்றால் ஏதோ ஒரே ஜாதி மாதிரிப் பேசுகிறீர்கள். நிஜேரா கரி என்று ஒரு அமைப்பு 1980லிருந்து அங்கே இருக்கிறது. கடன் கொடுப்பதில்லை. நிலமில்லாதவர்களைச் சேர்த்து நிற்க வைப்பதுதான் அதன் வேலை. குல்னா பக்கம் வயலில் உப்புத் தண்ணீரை விட்டு இறால் வளர்க்க வந்தவர்களை எதிர்த்து 1990 நவம்பரில் ஊர்வலம் போனார்கள். முன்னால் நின்ற கருணாமயி சர்தார் கொல்லப்பட்டார். இன்றும் ஒவ்வொரு நவம்பரிலும் அவருக்காக அங்கே கூடுகிறார்கள். இறால் பண்ணை வந்தால் கிணற்று நீர் என்ன ஆகும் என்பது எங்கள் ஊர்க்காரர்களுக்குத் தெரியும். 1996ல் இறால் பண்ணைகளுக்கு எதிராக உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வரும் வரை இங்கேயும் போராட வேண்டியிருந்தது.

தறிக்காரன் கேட்ட ‘கூலி கேட்கும் குழு’வை உருவாக்கும் அமைப்புகளும் உண்டு. அவற்றைத்தான் அரசுக்குப் பிடிக்காது. வங்கதேசத்தின் 2016 வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தில், அரசமைப்பையோ அரசமைப்பு நிறுவனங்களையோ இழிவாகப் பேசினால் என்ஜிஓவின் பதிவையே ரத்து செய்யலாம் என்று எழுதிவைத்தார்கள். இந்தியாவில் 2020ல் எஃப்சிஆர்ஏ என்ற வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தைத் திருத்தி, பெரிய அமைப்பு வாங்கிய வெளிநாட்டுப் பணத்தைச் சின்ன அமைப்புக்குப் பகிரக் கூடாது என்றார்கள். டெல்லியில் ஆபீஸ் வைத்திருப்பவர் பிழைத்துக்கொள்வார். வேதாரண்யத்தில் மூன்று பேரை வைத்து நடத்துபவர் என்ன செய்வார்? சத்துமாவு கொடு, கேள்வி கேட்காதே என்றுதான் இரண்டு அரசுகளும் சொல்கின்றன.

வேம்பு:
நெய்தல், நீங்கள் என் பக்கத்துக்குத்தான் வலு சேர்க்கிறீர்கள். அரசைத் தட்டிக் கேட்கும் அமைப்புக்கு நான் எதிரி இல்லை. அரசின் இடத்தில் வந்து உட்காருவதைத்தான் எதிர்க்கிறேன்.

ஜஃப்ருல்லா சௌத்ரியை எடுத்துக்கொள்ளுங்கள். லண்டனில் அறுவை சிகிச்சைப் படிப்பைப் பாதியில் விட்டு 1971 போரில் திரிபுராவில் மூங்கில் குடிசையில் ஆஸ்பத்திரி நடத்தியவர். பிறகு சாவரில் கோணோஷாஸ்தயா கேந்திரா என்ற மக்கள் சுகாதார மையத்தைத் தொடங்கினார். கிராமத்துப் பெண்களுக்கு மருத்துவப் பயிற்சி கொடுத்தார். எல்லாம் சரி. ஆனால் அவர் செய்ததிலேயே பெரிய காரியம் எது? 1982 மருந்துக் கொள்கை. தேவையற்ற, கேடான 1,700 மருந்துகளை நாடு முழுக்க விலக்கியது அது. பன்னாட்டுக் கம்பெனிகளும் அவற்றின் அரசுகளும் கொடுத்த நெருக்கடியைத் தாங்கி நின்றது. உள்ளூர் மருந்துத் தொழில் அதனால்தான் வளர்ந்தது. ஆயிரம் கிளினிக் நடத்தினாலும் இது நடந்திருக்காது. சட்டம்தான் செய்தது.

பொன்னி:
அண்ணா, அந்தச் சட்டத்தில் கையெழுத்துப் போட்டவர் எர்ஷாத். ஆட்சியைப் பிடித்து மூன்று மாதம்கூட ஆகாத ராணுவத் தளபதி. அவரை எந்தத் தேர்தலில் தோற்கடித்திருப்பீர்கள்? தேர்தல் இல்லாத காலத்திலும் நல்ல சட்டம் வந்தது. சாவரில் பத்தாண்டாக மருந்து கொடுத்து, சொந்தத் தொழிற்சாலை போட்டு, எந்த மருந்து தேவை, எவ்வளவு செலவாகும் என்று தெரிந்த ஒருவர் தயாராக இருந்ததால்தான் வந்தது. நடத்திப் பார்க்காதவரால் அப்படி வாதாட முடியாது. சேவையையும் கேள்வியையும் நீங்கள் தனித்தனியாகப் பிரிக்கிறீர்கள். களத்தில் அப்படிப் பிரிவதில்லை.

வேம்பு:
சரி, நடத்தட்டும். ஆனால் கணக்கை யாரிடம் காட்டுகிறார்கள்? நன்கொடை தந்தவரிடமும் அரசின் என்ஜிஓ விவகாரத் துறையிடமும். நீங்கள் சொன்ன அந்த அம்மாவிடமும் மேற்பார்வையாளர் வந்து உப்பு எவ்வளவு என்று கேட்டாரே தவிர, இந்தத் திட்டம் உனக்கு வேண்டுமா, பணம் எங்கே போனது என்று பார்த்தாயா என்று கேட்கவில்லை. நம் நூறு நாள் வேலைக்கு, 2005 சட்டத்தின் 17வது பிரிவு கிராம சபையில் சமூகத் தணிக்கையைக் கொண்டுவந்தது. சரியாக நடக்காத ஊர்கள் நிறைய. ஆனாலும் வருகைப் பதிவேட்டை உரக்க வாசிக்கும்போது, வேலைக்கே வராதவர் பெயர் வந்தால் கூட்டத்தில் எழுந்து கேட்க முடிந்தது. என்ஜிஓவுக்கும் அப்படி ஒரு சட்டம் வேண்டும். எந்த ஊருக்கு என்று பணம் வாங்கினார்களோ அந்த ஊரில் கணக்கை வாசிக்கட்டும்.

நெய்தல்:
இதற்கு நான் முழு மனதோடு சம்மதம். எங்கள் ஊரில் சின்ன அமைப்புகள் சில இதை இப்போதே செய்கின்றன.

தறிக்காரன்:
வாசிக்கலாம். ஆனால் அடுத்த மாதம் அதே நிறுவனத்தில் கடன் கேட்கப் போகும் பெண், அந்தக் கூட்டத்தில் எழுந்து வாய் திறப்பாளா? காஜிப்பூரில் எங்கள் லைனில் இருந்த அந்தப் பெண் திறந்திருக்க மாட்டாள். கடன் கொடுப்பவர் வேறு, கணக்குக் கேட்கும் கூட்டத்தை நடத்துபவர் வேறு என்று சட்டத்திலேயே எழுதுங்கள் வேம்பு. அது இல்லாமல் வாசித்துப் பயனில்லை.