நெறியாளர் பெயரைப் படிவம் ஏற்க மறுக்கிறது, வெள்ளிக்கிழமை கடைசி நாள் – உதவி தேவை

வள்ளியூர்_மெக் (திங்கள், இரவு 10.40)

வணக்கம். முனைவர் பட்ட ஆய்வுக்கான இணைய விண்ணப்பத்தை நிரப்பிக்கொண்டிருக்கிறேன். முதல் ஆறு பக்கங்கள் தடையின்றிச் சென்றுவிட்டன. ஏழாம் பக்கத்தில் நெறியாளரின் (ஆய்வு வழிகாட்டியின்) பதிவு எண்ணை இட்டவுடன் அவருடைய பெயரும் துறையும் சரியாகவே வந்து நிற்கின்றன. ஆனால் 'சேமி' என்பதை அழுத்தினால் "இந்த நெறியாளரைத் தேர்ந்தெடுக்க இயலாது" என்று சிவப்பு எழுத்தில் ஒரே ஒரு வரி வருகிறது. காரணம் எதுவும் சொல்லப்படவில்லை. அவர் ஒப்புதல் கடிதத்தில் கையெழுத்திட்டுத் தந்து இரண்டு வாரமாகிறது. வெள்ளிக்கிழமை மாலை 5 மணியுடன் பதிவு முடிகிறது; உதவித் தொலைபேசியை மூன்று நாளாக யாரும் எடுக்கவில்லை. யாருக்காவது இப்படி நேர்ந்திருக்கிறதா?

சந்திப்பு_பிரவுசிங் (திங்கள், இரவு 10.58)

கைபேசியிலா, கணினியிலா, எதில் நிரப்புகிறீர்கள் என்று சொல்லவில்லையே? திருநெல்வேலி சந்திப்பில் பன்னிரண்டு ஆண்டுகளாகப் பிரவுசிங் சென்டர் நடத்துகிறவன் என்ற முறையில் சொல்கிறேன், இத்தகைய சிவப்பு வரிகளில் பெரும்பாலானவை பிரவுசரின் கோளாறுதான். பழைய தற்காலிகப் பதிவுகளை அழித்துவிட்டு, வேறொரு பிரவுசரில் புதிதாக உள்ளே சென்று, முதல் பக்கத்திலிருந்து மறுபடி தொடங்குங்கள்.

பொதிகைப்_பொறிஞர் (திங்கள், இரவு 11.15)

சேர்க்கை அறிவிப்பு வெளியாகும்போதெல்லாம் இந்தக் கேள்வி இங்கே வந்துவிடுகிறது. பழைய இழைகளைத் தேடிப் படிக்கவே பொறுமை இல்லாதவர், நாளைக்கு நூறு ஆய்வுக் கட்டுரைகளை எப்படித் தேடிப் படிப்பார் என்று எனக்கு விளங்கவில்லை. இருக்கட்டும். முழுநேரமா, பகுதிநேரமா? எந்தப் பல்கலைக்கழகம்? எம்.இ. எந்தப் பிரிவில்? நெறியாளர் பேராசிரியரா, இணைப் பேராசிரியரா, உதவிப் பேராசிரியரா? இவற்றில் ஒன்றையும் சொல்லாமல் உதவி கேட்பது, வயிற்றைக் காட்டாமல் வயிற்றுவலிக்கு மருந்து கேட்பதைப் போன்றது. யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) விதிப்படி ஒரே நேரத்தில் பேராசிரியர் 8 பேரையும், இணைப் பேராசிரியர் 6 பேரையும், உதவிப் பேராசிரியர் 4 பேரையும் மட்டுமே வழிநடத்தலாம். உங்கள் நெறியாளருக்கு இடம் நிரம்பியிருக்கிறது. வேறு காரணம் இருக்க வாய்ப்பே இல்லை.

பணகுடிக்_காற்று (செவ்வாய், காலை 6.20)

தம்பி, பொறிஞர் அண்ணாச்சி அப்படித்தான் பேசுவார், மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டாம். என் அனுபவம் வேறு. நான் எம்.இ. படித்தது மின்னியல் பிரிவில். காற்றாலைப் பராமரிப்பில் வேலை பார்த்ததால் கியர்பாக்ஸ் பற்றி ஆய்வு செய்ய ஆசைப்பட்டு, இயந்திரவியல் துறையில் ஒரு பேராசிரியரைப் பார்த்து ஒப்புதல் வாங்கினேன். பிரிவு பொருந்தவில்லை என்று படிவம் அப்படியே நின்றுவிட்டது. முதுகலைப் பட்டச் சான்றிதழில் உள்ள பிரிவின் பெயரை எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பாருங்கள்.

வள்ளியூர்_மெக் (செவ்வாய், காலை 7.05)

அனைவருக்கும் நன்றி. விடுபட்டவற்றைச் சொல்லிவிடுகிறேன். பகுதிநேரம்; வள்ளியூருக்குப் பக்கத்தில் ஒரு பாலிடெக்னிக்கில் ஆறு ஆண்டுகளாக விரிவுரையாளர் பணி. எம்.இ. உற்பத்திப் பொறியியல், 71 விழுக்காடு. நெறியாளர் இயந்திரவியல் பேராசிரியர். அவரிடம் இப்போது ஐந்து பேர்தான் ஆய்வு செய்கிறார்கள் என்று அவரே சொன்னார், ஆகவே இடம் நிரம்பவில்லை. உற்பத்திப் பொறியியல் அவருடைய துறைக்குள் வருவதாக அறிவிப்பிலேயே இருக்கிறது. பல்கலைக்கழகத்தின் பெயரைப் பொதுவில் எழுத விரும்பவில்லை. நேற்று இரவு மூன்று பிரவுசர்களில் முயன்றுவிட்டேன். அப்புறம், நான் தம்பி அல்ல, தங்கை.

சந்திப்பு_பிரவுசிங் (செவ்வாய், காலை 7.11)

மூன்றுமே கைபேசியிலா?

வண்ணாரப்பேட்டை_அக்கா (செவ்வாய், காலை 8.30)

தங்கச்சி, ஒன்று கேட்கிறேன், உடனே பார்த்துச் சொல்லுங்கள். ஒப்புதல் கடிதத்தின் அடிப்பகுதியில், நெறியாளரின் கையெழுத்துக்கு மேலே, பிறந்த தேதி, பணி ஓய்வு பெறும் தேதி என்று சிறிய கட்டங்கள் இருக்கும். நாம் கையெழுத்தும் முத்திரையும் விழுந்திருக்கின்றனவா என்று மட்டும் பார்த்துவிட்டுக் கோப்பில் வைத்துவிடுவோம். அந்த ஓய்வுத் தேதிக் கட்டத்தில் என்ன எழுதியிருக்கிறார்?

வள்ளியூர்_மெக் (செவ்வாய், மதியம் 1.10)

அக்கா, இப்போதுதான் எடுத்துப் பார்த்தேன். நீல மையில் தெளிவாகவே எழுதியிருக்கிறார். இன்றிலிருந்து கணக்கிட்டால் இரண்டு ஆண்டு நான்கு மாதம் இருக்கிறது. அதற்கும் இதற்கும் என்ன தொடர்பு? எட்டு ஆண்டுகளுக்கு முன் என் எம்.இ. திட்டப்பணிக்கும் வழிகாட்டியவர் அவர்தான்.

வண்ணாரப்பேட்டை_அக்கா (செவ்வாய், மதியம் 1.45)

தொடர்பு முழுவதும் அதில்தான் இருக்கிறது. யுஜிசியின் முனைவர் பட்ட விதிமுறைகள் 2022 நவம்பர் 7 அன்று அறிவிக்கப்பட்டன. பணி ஓய்வுக்கு மூன்று ஆண்டுகளுக்கும் குறைவாக உள்ள ஆசிரியர் புதிய ஆய்வாளர்களைச் சேர்த்துக்கொள்ளக் கூடாது என்று அவற்றில் இருக்கிறது. ஏற்கெனவே பதிவு செய்தவர்களை அவர் ஓய்வு பெறும்வரை வழிநடத்தலாம். ஓய்வுக்குப் பிறகும் இணை நெறியாளராகத் தொடரலாம், ஆனால் 70 வயதுக்கு மேல் அதுவும் இல்லை. அவரிடம் ஐந்து பேர் இருப்பது அதனால்தான் சாத்தியமாகிறது. நீங்கள் ஆறாவதாகச் சேர முடியாததற்கும் அதுவே காரணம். பதிவு எண் செல்லுபடியாவதால் பெயர் வருகிறது, ஓய்வுத் தேதி இடிப்பதால் சேமிக்க மறுக்கிறது என்று நினைக்கிறேன். அந்தச் சிவப்பு வரியில் இன்னும் நான்கு சொற்களைச் சேர்த்து எழுதியிருந்தால் உங்களுக்கு ஒரு வாரம் மிச்சமாகியிருக்கும். பேராசிரியர் மீது வருத்தப்பட வேண்டாம். மாணவர் வந்து கேட்கும்போது மறுக்க மனம் வராமல் கையெழுத்திடும் ஆசிரியர்களைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

செய்ய வேண்டியது இதுதான். அதே துறையில் பணி ஓய்வுக்கு மூன்று ஆண்டுகளுக்கு மேல் உள்ள, இடம் காலியாக உள்ள ஒருவரை நெறியாளராகக் கேளுங்கள். உதவிப் பேராசிரியராக இருந்தாலும் போதும். நிரந்தரப் பணி, முனைவர் பட்டம், மதிப்பாய்வு பெற்ற இதழ்களில் குறைந்தது மூன்று கட்டுரைகள் ஆகியவை அவருக்கு இருக்க வேண்டும். உங்கள் பேராசிரியரை இணை நெறியாளராகச் சேர்க்க முடியுமா என்பது பல்கலைக்கழகத்தின் ஒப்புதலைப் பொறுத்தது. அதைப் பின்னால் பார்த்துக்கொள்ளலாம். புதிய நெறியாளரை நீங்களாகத் தேடி அலையாமல், உங்கள் பேராசிரியரையே ஒருவரிடம் பேசச் சொல்லுங்கள். அவர் சொன்னால் ஒரே நாளில் முடியும். நீங்களாகச் சென்றால் ஆய்வுச் சுருக்கத்தை வைத்துவிட்டுப் போகச் சொல்வார்கள்.

பொதிகைப்_பொறிஞர் (செவ்வாய், மாலை 4.00)

நெறியாளரின் தகுதியில்தான் சிக்கல் என்று நான் நேற்றே சுட்டிக்காட்டிவிட்டேன். ஆனால் அதைவிடப் பெரிய செய்தியை யாரும் சொல்லவில்லை. ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் முன் ஓர் ஆய்விதழ்க் கட்டுரையும் இரண்டு கருத்தரங்கக் கட்டுரைகளும் கட்டாயம். பாலிடெக்னிக்கில் வாரத்துக்கு இத்தனை வகுப்பு எடுத்துக்கொண்டு அவற்றை எப்போது எழுதுவார்? முழுநேரமாகச் சேர்ந்தால் மாதம் 37,000 ரூபாய் கிடைக்கும்போது பகுதிநேர ஆய்வு என்பது வெறும் அலங்காரம்.

பணகுடிக்_காற்று (செவ்வாய், மாலை 6.35)

அண்ணாச்சி, நேற்று நீங்கள் சொன்னது இடம் நிரம்பிவிட்டது என்பது. அக்கா சொன்னது ஓய்வு. இரண்டும் ஒன்றல்ல. 37,000 ரூபாய் எல்லாருக்கும் கிடைப்பதைப் போலவும் எழுதியிருக்கிறீர்கள். ஐஐடி, என்ஐடிகளில் உதவித்தொகையுடன் சேரும் முழுநேர ஆய்வாளருக்கு முதல் இரண்டு ஆண்டுகள் 37,000, அதன் பிறகு 42,000 என்பது உண்மைதான். ஆனால் உதவித்தொகைக்கு வழியாகும் யுஜிசி நெட் தகுதித் தேர்வில் இயந்திரவியலுக்குப் பாடமே கிடையாது. எங்களைப் போன்றவர்கள் 'கேட்' (GATE) என்ற பொறியியல் தகுதித் தேர்வை எழுத வேண்டும். அந்த மதிப்பெண் மூன்று ஆண்டுகளுக்குத்தான் செல்லும். வீட்டுக் கடனும் பிள்ளையின் பள்ளிக் கட்டணமும் இருக்கிறவர், ஆறு ஆண்டு வேலையை உதறிவிட்டுத் திருச்சிக்கோ சென்னைக்கோ போய் விடுதியில் தங்க முடியுமா? உதவித்தொகை இல்லாத முழுநேர ஆய்வாளர்கள் எத்தனை பேர் ஊரில் டியூஷன் எடுத்துக் காலத்தை ஓட்டுகிறார்கள் என்பது உங்களுக்கும் தெரியும்.

பொதிகைப்_பொறிஞர் (செவ்வாய், இரவு 9.10)

வசதியைப் பற்றி நான் பேசவில்லை, தரத்தைப் பற்றிப் பேசுகிறேன். காசு கொடுத்துக் கட்டுரை போடும் பழக்கம் பகுதிநேரத்தாரிடமிருந்துதான் தொடங்கியது.

வண்ணாரப்பேட்டை_அக்கா (செவ்வாய், இரவு 9.50)

நான் பகுதிநேரத்தில்தான் பட்டம் பெற்றேன். ஒரு கட்டுரைக்கும் காசு கொடுக்கவில்லை. நீங்கள் சொல்லும் ஒன்று, இரண்டு கணக்கு 2016 விதிமுறைகளில் இருந்தது. 2022இல் அந்தக் கட்டாயத்தை யுஜிசி எடுத்துவிட்டது. அதனால் கட்டுரையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பல்கலைக்கழகங்கள் தத்தம் விதிகளில் அதை வைத்துக்கொள்ளலாம். பொறியியலில் வைத்திருக்கும் இடங்கள் உண்டு. ஆகவே தங்கச்சி, யுஜிசி ஆவணத்தை மட்டும் படித்துவிட்டு நிம்மதியடையாமல், உங்கள் பல்கலைக்கழகத்தின் ஆய்வு விதிமுறைக் கையேட்டைப் பதிவிறக்கி, கட்டுரை பற்றிய பிரிவைச் சேருவதற்கு முன்பே படித்துவிடுங்கள்.

இன்னொன்று. நீங்கள் பெண் என்று சொன்னதால் குறிப்பிடுகிறேன். ஆய்வுக் காலம் குறைந்தது மூன்று, அதிகபட்சம் ஆறு ஆண்டுகள். மறுபதிவு மூலம் மேலும் இரண்டு ஆண்டுகள் வரை நீட்டிக்கலாம். பெண்களுக்கு அதற்கு மேலும் இரண்டு ஆண்டுகள் தளர்வு உண்டு, ஆய்வுக் காலத்தில் 240 நாள் வரை மகப்பேறு விடுப்பும் உண்டு. என் மூத்தவள் பிறந்தபோது இந்தச் சலுகை இருந்திருந்தால் வைவாவுக்கு அவளைத் தூக்கிக்கொண்டு போயிருக்க மாட்டேன். சரி, வேலை பார்க்கும் இடத்தில் என்.ஓ.சி. (ஆட்சேபணை இல்லை என்ற கடிதம்) வாங்கிவிட்டீர்களா? அதில் என்ன எழுதியிருக்கிறது?

வள்ளியூர்_மெக் (புதன், காலை 6.50)

வாங்கிவிட்டேன் அக்கா. "இவர் பகுதிநேர முனைவர் பட்ட ஆய்வு மேற்கொள்வதில் எங்களுக்கு ஆட்சேபணை இல்லை" என்று முதல்வர் கையெழுத்திட்டுத் தந்திருக்கிறார். போதும்தானே?

வண்ணாரப்பேட்டை_அக்கா (புதன், காலை 7.40)

போதாது. அந்தக் கடிதத்தில் மூன்று செய்திகள் தெளிவாக இருக்க வேண்டும் என்று விதியே சொல்கிறது. பகுதிநேரமாகப் படிக்க அனுமதிக்கப்படுகிறீர்கள் என்பது முதலாவது. உங்கள் கடிதத்தில் அது மட்டும்தான் இருக்கிறது. ஆய்வுக்குப் போதிய நேரம் ஒதுக்க உங்கள் அலுவல் இடம் கொடுக்கிறது என்பதும், தேவைப்பட்டால் கோர்ஸ் வொர்க்கை (ஆய்வின் தொடக்கத்தில் படிக்க வேண்டிய பாடங்களை) முடிப்பதற்காகப் பணியிலிருந்து விடுவிக்கப்படுவீர்கள் என்பதும் விடுபட்டிருக்கின்றன. மூன்றாவதை எழுதித் தர நிர்வாகங்கள் தயங்கும், உங்கள் முதல்வரும் தயங்கலாம். கோர்ஸ் வொர்க் குறைந்தது 12 கிரெடிட், அது பல ஆண்டு விடுப்பு அல்ல என்று எடுத்துச் சொல்லுங்கள். தலைப்புத் தாளில், அனுப்புகை எண்ணும் தேதியும் இட்டு, மூன்றையும் தனித்தனி வாக்கியமாக வாங்குங்கள். வெறும் 'ஆட்சேபணை இல்லை' கடிதத்தோடு போய், சான்றிதழ் சரிபார்ப்பில் திருப்பி அனுப்பப்பட்ட இருவரை எனக்குத் தெரியும்.

பணகுடிக்_காற்று (புதன், காலை 8.15)

தங்கச்சியின் தலைப்பு என்ன என்று யாரும் கேட்கவில்லையே. நெறியாளர் மாறினால் ஆய்வுச் சுருக்கத்தையும் அவருடைய துறைக்குத் தக்கபடி கொஞ்சம் திருத்த வேண்டியிருக்கும்.

வள்ளியூர்_மெக் (புதன், மதியம் 12.55)

காற்றாலை கியர்பாக்ஸ் தாங்கிகளின் (பேரிங்குகளின்) தேய்மானத்தை அதிர்வைக் கொண்டு முன்னறிதல். இராதாபுரம் பக்கம் எங்கள் வீட்டு மாடியிலிருந்து பார்த்தால் தெரியும் காத்தாடிகளில் ஒன்று, போன ஆடி மாதக் காற்றுக் காலத்தில் பதினேழு நாள் நின்றே கிடந்தது. அதிலிருந்து வந்த எண்ணம்.

பணகுடிக்_காற்று (புதன், மதியம் 1.20)

நல்ல தலைப்பு. ஆனால் அதிர்வுத் தரவு யாரிடமிருந்து கிடைக்கும் என்பதைச் சுருக்கத்தில் ஒரு பத்தியாக எழுதுங்கள். நேர்முகத்தில் முதலில் கேட்பது அதுவாகத்தான் இருக்கும். காற்றாலை உரிமையாளர்கள் ஓடும் இயந்திரத்தின் தரவை எளிதில் தரமாட்டார்கள். தேசியக் காற்றாற்றல் நிறுவனத்தின் ஆய்வு நிலையம் கயத்தாற்றில் இருக்கிறது. அங்கு முறைப்படி எழுதிக் கேட்கலாம். அதுவும் கிடைக்காவிட்டால் ஆய்வகத்திலேயே சிறிய தாங்கிச் சோதனை மேடை அமைப்பதாக மாற்றுத் திட்டம் ஒன்றையும் சேர்த்துவிடுங்கள்.

பொதிகைப்_பொறிஞர் (புதன், மாலை 5.30)

நுழைவுத் தேர்வைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. வினாத்தாளில் பாதி ஆய்வு முறையியல், பாதி பாடம். தேர்வு நடத்திச் சேர்க்கும் இடங்களில் எழுத்துத் தேர்வுக்கு 70, நேர்முகத்துக்கு 30 என்ற எடையில் தரவரிசை போடுவார்கள். தரவு, மேடை என்பதெல்லாம் அந்த 30க்குள்தான் வரும். முறையியலைப் படிக்காமல் போகிறவர்களே அதிகம். நான் தயாரித்த குறிப்புகள் 40 பக்கம் இருக்கின்றன. கேட்டால் தனிச்செய்தியில் அனுப்புகிறேன்.

வண்ணாரப்பேட்டை_அக்கா (புதன், மாலை 6.05)

பொறிஞர் சொல்வது சரி. அந்தக் குறிப்புகளைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், நன்றாக இருக்கும்.

வள்ளியூர்_மெக் (வெள்ளி, மாலை 4.22)

விண்ணப்ப எண் வந்துவிட்டது. பேராசிரியரே அதே துறையின் இணைப் பேராசிரியர் ஒருவரிடம் பேசினார். அவருக்கு ஓய்வு பெற இன்னும் பதினோரு ஆண்டுகள் இருக்கின்றன. புதிய பதிவு எண்ணை இட்டதும் ஏழாம் பக்கம் உடனே சேமித்துக்கொண்டது. என்.ஓ.சி.யில் மூன்றாவது வாக்கியத்தை மட்டும் முதல்வர் "விடுமுறை நாட்களில்" என்று சேர்த்துத்தான் தந்திருக்கிறார், அதையே பதிவேற்றிவிட்டேன். பொறிஞர் அண்ணாச்சி, குறிப்புகளை அனுப்புங்கள். வகுப்பு இருக்கிறது, பிறகு வருகிறேன்.

வண்ணாரப்பேட்டை_அக்கா (வெள்ளி, மாலை 4.40)

"விடுமுறை நாட்களில்" என்பதைச் சரிபார்ப்புக்குப் போகும் முன் எடுக்கச் சொல்லுங்கள் தங்கச்சி. கோர்ஸ் வொர்க் வகுப்புகள் வேலை நாட்களிலும் இருக்கலாம்.

சந்திப்பு_பிரவுசிங் (வெள்ளி, இரவு 9.15)

மகிழ்ச்சி. கடைசியில் எந்தப் பிரவுசரில் ஏற்றினீர்கள்?