மோட்டார் ஹோமை டீசல்-எலக்ட்ரிக் ஹைபிரிடாக மாற்ற முடியுமா? அவசரம்

நாடோடி:
வணக்கம். என் டீசல் மோட்டார் ஹோமில் (உள்ளேயே தங்கிப் பயணம் போகிற வீட்டு வண்டி) கியர்பாக்ஸைக் கழற்றிவிட்டு மின்மோட்டார் போட்டு, உள்ளே ஏசிக்கும் விளக்குக்கும் இருக்கிற ஜெனரேட்டரை வைத்தே ஓட்டலாம் என்று யோசனை. எத்தனை கிலோவாட் மோட்டார் வாங்குவது? இன்றைக்கே சொன்னால் நல்லது.

திருப்புளி:
எடை எவ்வளவு? ஜெனரேட்டர் எத்தனை கிலோவாட்? பேட்டரி உண்டா? ஒன்றுமே சொல்லாமல் கேட்டால் நாங்கள் என்ன ஜோசியமா பார்ப்பது.

ரயில்பிரியன்:
தாராளமாக முடியும். டீசல் ரயில் இன்ஜின் இப்படித்தானே ஓடுகிறது? அது ஆயிரக்கணக்கான டன்னை இழுக்கிறது, உங்கள் வண்டி எம்மாத்திரம்.

நாடோடி:
மன்னிக்கவும். சாமானோடு 5 டன். ஜெனரேட்டர் 5 கிலோவாட். பேட்டரி அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

பழையபிஸ்டன்:
தம்பி, இதைப் பள்ளிக்கூடத்திலேயே சொல்லிக்கொடுத்திருப்பார்கள், அன்றைக்கு நீங்கள் லீவு போலிருக்கிறது. பீரோவை நிமிர்த்தி வைத்த மாதிரி இருக்கிற வண்டி 90 கிலோமீட்டர் வேகத்தில் சமதரையில் போகவே சக்கரத்தில் ஏறக்குறைய 50 கிலோவாட் வேண்டும். அதில் முக்கால்வாசியைக் காற்றே தின்றுவிடும். 6 சதவீத ஏற்றத்தில் 60-இல் போனால் 70 பக்கம். உங்கள் 5 கிலோவாட்டுக்கு வண்டி நடந்துதான் போகும்.

மின்மினி:
ஐயா, பேட்டரி இருந்தால் உச்சத் தேவையை அது பார்த்துக்கொள்ளுமே. சராசரிக்கு மட்டும்தானே ஜெனரேட்டர்.

பழையபிஸ்டன்:
நெடுஞ்சாலையில் சராசரியே 50 தானம்மா. ஒரு மணி நேரம் ஓட்ட, பத்து மணி நேரத்துக்கு மேல் நிறுத்தி வைத்து ஜெனரேட்டரை ஓடவிட வேண்டும். பெரிய ஜெனரேட்டர் வைத்தாலும் டீசலை மின்சாரமாக்கி, திரும்பச் சுழற்சியாக்குவதில் 15 சதவீதமாவது போய்விடும். கியரில் போனால் அதில் பாதி கூடப் போகாது. ரயிலில் இந்த ஏற்பாடு எரிபொருளை மிச்சம் பிடிக்க வந்ததில்லை, அவ்வளவு பாரத்தை நின்ற இடத்திலிருந்து கிளப்பக் கிளட்ச் தாங்காது என்பதால் வந்தது. பேட்டரி இல்லாததால் அது ஹைபிரிடே இல்லை. பிரேக் பிடிக்கும்போது வரும் மின்சாரத்தை ரெசிஸ்டரில் சூடாக்கி வெளியே விடுகிறார்கள்.

ரயில்பிரியன்:
எல்லாம் அப்படியில்லை. ஜப்பானில் எச்டி300 இன்ஜினில் லித்தியம் பேட்டரியே இருக்கிறது.

பழையபிஸ்டன்:
அது யார்டில் பெட்டி மாற்றுகிற ஷண்டிங் இன்ஜின். நின்று நின்று போகிற வேலைக்கு ஹைபிரிட் லாபம்தான், யார் இல்லை என்றது? இவர் என்ன யார்டிலா டூர் போகிறார்?

ரயில்பிரியன்:
முதலில் ஹைபிரிடே இல்லை என்றது நீங்கள்தான்.

திருப்புளி:
சண்டையை அப்புறம் வைத்துக்கொள்ளுங்கள். நாடோடி, இன்ஜினை நிறுத்தினால் பவர் ஸ்டியரிங்கும் பிரேக் பூஸ்டரும் போய்விடும், அதற்குத் தனி பம்ப் வேண்டும். பேட்டரியோடு சேர்த்தால் அனுமதித்த எடையும் தாண்டலாம். அது இருக்கட்டும், கியர்பாக்ஸ் மேல் ஏன் இவ்வளவு கோபம்?

நாடோடி:
இரண்டாவது கியர் போட்டால் நிற்கவில்லை, தானாக நியூட்ரலுக்கு வந்துவிடுகிறது. கியர்பாக்ஸ் பெட்டியையே மாற்றச் சொன்னார்கள், செலவைக் கேட்டுத்தான் இந்த யோசனை.

திருப்புளி:
இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே! பெட்டியைத் திறப்பதற்கு முன்னால் கியர் லீவர் கம்பியின் புஷ்ஷையும் (மூட்டில் இருக்கும் சின்ன வளையம்), கியர்பாக்ஸைத் தாங்கும் மவுன்டையும் பாருங்கள். அதில் ஆட்டம் இருந்தால் கியர் முழுசாக விழாது.

நாடோடி:
புஷ் பொடிப்பொடியாகக் கையோடு வந்தது. மாற்றியாயிற்று, இப்போது நிற்கிறது. நன்றி.

திருப்புளி:
எந்தப் பக்கத்துப் புஷ்? லீவர் பக்கமா, பெட்டிப் பக்கமா?

ரயில்பிரியன்:
நான் இன்னும் எச்டி300 பற்றி முடிக்கவில்லை.